தண்ணீரைப் படி, மக்களே

நாகர்கோவில்
வைகாசி

அன்புள்ள மக்களே,

உன் கடிதமும் படங்களும் வந்தன. ஒவ்வொரு படத்தையும் கணினியில் பெரிதாக்கி நிதானமாகப் பார்த்தேன். மஞ்சள்மூக்கு நாரை இறக்கையை விரித்துக்கொண்டு இறங்குகிற படம் நல்ல படம். ஃபோகஸ் சரியாகக் கண்ணில் விழுந்திருக்கிறது. முதுகோரத்து இளஞ்சிவப்பு இறகு நிறம் கெடாமல் வந்திருக்கிறது. கேமரா உன் கைக்குப் படிந்துவிட்டது. அதனால் அதைப் பற்றிக் கொஞ்சமாகவே எழுதப் போகிறேன்.

கடன் வாங்கி 600 மில்லிமீட்டர் லென்ஸ் எடுக்கலாமா, பரத்பூருக்கும் ரங்கன்திட்டுக்கும் போய்வந்தால்தான் நாலு பேர் கவனிப்பார்களா, கல்யாண வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். எல்லாவற்றுக்கும் பதில் வருகிறது. ஆனால் கடிதத்தின் கடைசியில், போகிறபோக்கில், "தேரூர்க் குளத்தில் இனி எடுக்க என்ன இருக்கிறது" என்று ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அந்த வரிதான் என்னை உட்கார்ந்து எழுதவைத்தது.

உன் படங்களில் பறவை இருக்கிறது, தண்ணீர் இல்லை. நாஞ்சில் நாட்டில் எந்தப் பறவை எங்கே நிற்கும், எப்போது வரும், எத்தனை நாள் தங்கும் என்பதையெல்லாம் முடிவு செய்வது தண்ணீர். அந்தத் தண்ணீரை முடிவு செய்வது பாதி வானம், பாதி மனிதர்கள். இதைப் படிக்காமல் குளக்கரைக்குப் போகிறவனுக்குக் கிடைப்பதெல்லாம் தற்செயல். தற்செயலிலும் நல்ல படம் கிடைக்கும். ஆனால் அடுத்த படம் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது.

கோதையாற்றுப் பாசனத்தை எடுத்துக்கொள். வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் பேச்சிப்பாறையைத் திறப்பார்கள். திருவிதாங்கூர் அரசு கட்டி 1906-ல் முடித்த அணை, 48 அடி. அதோடு 77 அடிப் பெருஞ்சாணியும், 18 அடியில் சிற்றாறு அணைகள் இரண்டும். திறந்த தண்ணீர் தோவாளைச் சானல், அனந்தனார் சானல், நாஞ்சில் நாடு புத்தனார் சானல் என்று பிரிந்து வரும். தலைமடை ஊர்களில் உழவு தொடங்கிவிடும். கடைமடைக்காரன் இன்னும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஏலாவில், அதாவது வயல்வெளியில், தண்ணீர் ஏறி, டிராக்டர் இறங்கி, மண் புரள்கிற அன்று காலையில் நீ வரப்பில் இருக்கவேண்டும். தவளையும் புழுவும் வெட்டுக்கிளியும் வெளியே வரும். உண்ணிக்கொக்கு தலையிலும் மார்பிலும் ஆரஞ்சு ஏறி நிற்கும் காலம் அது. கூடவே மடையானும் அன்றில் கூட்டமும் டிராக்டரின் பின்னாலேயே நடக்கும். இந்தக் காட்சி ஒரு வயலில் ஒரு காலை நேரத்துக்குத்தான் இருக்கும். மறுநாள் அடுத்த வயல். நாற்று நட்டுப் பயிர் உயர்ந்துவிட்டால் கொக்குக்கு அங்கே பெரிதாக வேலையில்லை. கானாங்கோழியும் நீலத் தாழைக்கோழியும் உள்ளே புகுந்துவிடும்.

முதல் போகமான கன்னிப்பூ அறுவடை புரட்டாசி வாக்கில். வடக்கே இருந்து வலசைப் பறவைகள் நம் எல்லைக்குள் வரத்தொடங்குவதும் அதே சமயம். அறுத்த தாளுக்கு நடுவே கணுக்கால் அளவு தண்ணீர் நின்றால் உள்ளான்களுக்கு அதைவிட நல்ல இடம் வேறில்லை. பொரி உள்ளானும் விசிறிவால் உள்ளானும் உன் நிழல் விழுகிற வரைக்கும் அசையாமல் இருக்கும். அடுத்து இரண்டாம் போகமான கும்பப்பூ நடவு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. குளங்கள் தளும்பும்போது குளக்கரைக்குப் போய், பறவையே இல்லை என்று நீ திரும்பி வந்திருக்கிறாய். குளம் நிறைந்தால் நாரைக்கும் உள்ளானுக்கும் நிற்க இடம் கிடையாது. நாரை கால் ஊன்றி, பாதி திறந்த அலகைத் தண்ணீருக்குள் விட்டு மீனைத் தேடுகிற பறவை. முழங்கால் ஆழத்துக்கு மேல் போனால் அதனால் ஒன்றும் செய்யமுடியாது. அந்த மாதங்களில் குளம் நீலச்சிறகிக்கும் ஊசிவால் வாத்துக்கும் உரியது. அவை நடுக்குளத்தில் இருக்கும். எட்டிப் பிடிக்க எந்த லென்ஸும் போதாது. அப்போது நீ வயலுக்கும் சானல் கரைக்கும் போகவேண்டும்.

தை, மாசியில் கும்பப்பூவுக்குத் தண்ணீர் இறைத்து இறைத்துக் குளம் வாங்கும். பிப்ரவரி முடிவில் அணையை அடைப்பார்கள். பங்குனி, சித்திரையில் ஓரம் தெரியத் தொடங்கி, சேறு தெரிந்து, மிச்சத் தண்ணீரில் மீன் அடர்ந்துவிடும். கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், நீர்க்காகம் எல்லாம் ஒரே இடத்தில் கூடுவது அப்போதுதான். உன் நாரைப் படமும் பங்குனியில் எடுத்ததாகத்தான் இருக்கும். தேதி நீ எழுதவில்லை.

அணை தாமதமாகத் திறந்தால் இந்தக் கணக்கு முழுவதும் தள்ளிப்போகும். நாகர்கோவில் பதிப்பு நாளிதழ்களில் அணை நீர்மட்டம் போடுகிறார்கள். பறவை எடுக்கிறவன் முதலில் புரட்டவேண்டியது அந்தப் பக்கம். நீர்வளத் துறை லஸ்கரோடு பழகு. எந்த மடை என்றைக்குத் திறக்கும் என்று அவருக்குத் தெரியும். டிராக்டர் ஓட்டுகிற பையன் எண்ணை வாங்கி வைத்துக்கொள். தாமரைக்குக் குத்தகைக்கு எடுத்த குளமாக இருந்தால், விடியுமுன் கழுத்தளவு தண்ணீரில் இறங்கித் தோவாளைச் சந்தைக்குப் பூப்பறிக்கிறவரிடம் கேள். தாமரைக் கோழி எந்த இலைமேல் முட்டை வைத்திருக்கிறது என்று உனக்கும் எனக்கும் முன்னால் அறிந்தவர் அவர். மழைக்காலத்தில் நீண்ட வால் முளைத்து நிற்கும் அந்தப் பறவையில் முட்டையிட்டுவிட்டுப் போகிறது பெட்டை. அடைகாத்துக் குஞ்சு வளர்ப்பது சேவல்.  அதைப் படமாக்க வேண்டுமானால் பூப்பறிக்கிறவர் உன்னைத் தொந்தரவாக நினைக்காதபடி பழகியிருக்க வேண்டும். மீன் குத்தகைக்காரரையும் பகைத்துக்கொள்ளாதே. நீர்க்காகத்தை விரட்ட அவர் வெடி போடுவதுண்டு. அது உனக்கு வலிக்கும், எனக்கும் வலிக்கும். ஆனால் அவர் ஏலத்தில் கட்டின பணத்தைத்தான் அந்தப் பறவை தின்கிறது. அதைப் புரிந்துகொண்டு பேசினால்தான் அவர் காதில் ஏதாவது விழும்.

பரத்பூர் பற்றிக் கேட்டாய். போய்ப் பார், பார்க்கவேண்டிய இடம்தான். பெயருக்காகப் போகவேண்டாம். அங்கே உனக்கு முன்னால் ஆயிரம் பேர் நின்ற இடத்தில் நீ ஆயிரத்தோராவது ஆளாக நிற்பாய். தேரூர்க் குளத்தைப் பன்னிரண்டு மாதமும் எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று யோசி. சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022-ல் ராம்சர் என்னும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. 94 ஹெக்டேர்தான், சிறியது. மத்திய ஆசிய வலசைப் பாதையின் தென்கோடியில் இருக்கிறது. அதற்கப்பால் கொஞ்சம் வயல், கொஞ்சம் உப்பளம், பிறகு கடல். சைபீரியாவில் குஞ்சு பொரித்த பறவை இந்திய நிலத்தில் வந்து நிற்கிற கடைசி இடங்களில் ஒன்று உன் வீட்டிலிருந்து சைக்கிள் தூரத்தில் இருக்கிறது. கவிமணி பிறந்த ஊர்க் குளம் அது.

ராம்சர் பட்டியலில் சேர்ந்ததால் எல்லாம் பத்திரமாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. நாஞ்சில் நாட்டுக் குளங்களில் பெரும்பாலானவை எந்தப் பட்டியலிலும் இல்லை. அவை சின்னக் குளங்கள், பெயரே தெரியாத குளங்கள். நான்குவழிச் சாலைக்காகக் குளங்களுக்குள் மண் கொட்டியதை நீயே பார்த்திருக்கிறாய். நெல் விளைந்த ஏலாக்களில் வாழை வந்தது, பிறகு தென்னை வந்தது, பிறகு மனைக்கல் வந்தது. அந்த வயல்களில் என்ன பறவை இருந்தது என்று கேட்டால் வயசானவர்கள் வாயால் சொல்வார்கள். படம் கிடையாது. தேதி கிடையாது. நம் தலைமுறையில் கேமரா வைத்திருந்தவர்கள் முக்கடல் சூரியோதயத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நெருங்கி எடுக்கிற ஒவ்வொரு பறவைக்கும் ஓர் அகன்ற படம் எடு. பறவை சிறியதாக இருக்கட்டும். கரை, மடை, பின்னால் தாடகை மலை, பக்கத்தில் போட்டிருக்கும் புது மனைக்கல், மின்கம்பம், குப்பை, எல்லாம் வரட்டும். குப்பையை ஒதுக்கிச் சட்டகம் கட்டப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தை நீ விடு. ஒரே குளத்தில் ஒரே கல்லின்மேல் நின்று, ஒரே திசையில், மாதம் ஒரு படம் எடுத்துவை. போட்டிக்கு உதவாது. பத்து வருஷம் கழித்து ஒரு வழக்கிலோ, ஓர் ஆய்விலோ, பஞ்சாயத்துக் கூட்டத்திலோ மேசைமேல் வைக்க அதுதான் உதவும்.

1933-ல் சாலிம் அலி திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் பறவைக் கணக்கெடுப்புக்கு வந்தார். நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1-ல்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தோம். அந்தக் காலத்து முறைப்படி பறவையைச் சுட்டுப் பாடம் செய்து வைத்தார்கள். ஒவ்வொன்றின் காலிலும் இடமும் தேதியும் எழுதின சீட்டு கட்டினார்கள். இன்றைக்கு அந்தப் பறவைகளுக்கு மதிப்பு இருப்பது அந்தச் சீட்டால்தான். நீ சுடவேண்டியதில்லை. சீட்டை மட்டும் மறக்காமல் கட்டு. கோப்பின் பெயரிலேயே குளம், தேதி, நேரம் மூன்றையும் போடு. தையில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். அதில் கேமராவை எடுக்காமல் ஒரு நாளாவது கலந்துகொள். எண்ணிப் பழகின கண்ணுக்கு, எடுக்கும்போது தெரியாதது தெரியவரும்.

மா. கிருஷ்ணனைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேனா என்று நினைவில்லை. பக்கத்துத் திருநெல்வேலியில் 1912-ல் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் கடைசி மகன். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒன்றைக் கட்டி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்துக்கொண்டு காட்டுக்குள் போய் யானைகளை எடுத்தார். எல்லாம் கறுப்பு வெள்ளை. 1970-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் நான் அவரிடம் கற்றுக்கொள்ளச் சொல்வது யானைப் படங்களை வைத்து இல்லை. கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950 முதல் 1996-ல் சாகும் வரைக்கும் இயற்கை பற்றிப் பத்தி எழுதினார். 46 வருஷம். அதில் பெரும்பாலும் அணில், காக்கை, மைனா, ஓணான், தெருவோர மரம். வீட்டு வாசலில் இருப்பதைப் பார்த்தே நாற்பது வருஷத்துக்கு மேல் எழுதமுடிந்த மனிதர் அவர். அவருடைய தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்திருக்கிறார். லென்ஸ் வாங்கும் முன்னால் அந்தப் புத்தகத்தை வாங்கு.

இனி கை வேலையைப் பற்றி. உன் கொக்குப் படங்களில் வெள்ளை வெந்துபோயிருக்கிறது. இறகின் கோடு ஒன்றுகூடத் தெரியவில்லை. பச்சை நாற்றுக்கு நடுவே கொக்கு சட்டகத்தில் சின்னதாக இருக்கும். கேமரா அந்தக் கரும்பச்சையை அளந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. முக்கால் ஸ்டாப், வெயில் ஏறினால் ஒரு ஸ்டாப் குறைத்து வை. ஆனி, ஆடிச் சாரல் மேகத்தை வீணாக்காதே. வெள்ளைப் பறவைக்கு அந்த மழுங்கின வெளிச்சம்தான் அருமை. நின்றுகொண்டு எடுக்காதே. வரப்பில் படு. பறவையின் கண்மட்டத்துக்கு உன் லென்ஸ் இறங்கினால் பின்னால் இருக்கும் சேறும் தாளும் கலங்கிப் போய் பறவை மட்டும் எழுந்து நிற்கும். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றுக்காலத்தில் போனால் முக்காலியில் பையைத் தொங்கவிடு; காற்றாலை நட்ட இடம் அது. மற்றதெல்லாம் உனக்குத் தெரியும்.

கூட்டைப் பற்றி இரண்டு வரியில் முடிக்கமுடியாது. புத்தளம் உப்பளத்தில் ஆள்காட்டி முட்டையை எடுத்திருக்கிறாய். வெயில் எத்தனை மணிக்கு? நிழல் காலடியில் இருக்கிறது, ஆகவே உச்சிப்பொழுது. ஆள்காட்டி வெறுந்தரையில் முட்டையிடுகிற பறவை. பங்குனி வெயிலில் அது முட்டைமேல் உட்காருவது பெரும்பாலும் சூடு கொடுக்க இல்லை, சூட்டைத் தடுக்க. வயிற்றிறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிர்விக்கும். நீ நிற்கிற வரைக்கும் அது தலைக்குமேல் கத்திச் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரம் முழுவதும் முட்டை வேகும். உள்ளே இருக்கும் கரு செத்துப்போனது வெளியே தெரியாது. நீ அழகான படத்தோடு வீட்டுக்கு வருவாய், அது இன்னும் பல நாள் செத்த முட்டையை அடைகாக்கும். மக்களே, அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பாதே. பல நல்ல போட்டிகள் இப்போது கூட்டுப் படங்களை எடுத்துக்கொள்வதே இல்லை.

தவளைவாயன் விஷயமும் இப்படித்தான். மேற்குமலைக் காட்டில் பகலெல்லாம் காய்ந்த இலைபோல ஒரே கிளையில் ஜோடியாக ஒட்டி உட்கார்ந்திருக்கும். அதே கிளைக்குத் தினமும் வரும். அந்த நம்பிக்கைதான் அதற்கு ஆபத்து. ஒருத்தன் இடத்தைச் சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்துக் கார் நிற்கும். மறைக்கிற இலையைக் கிள்ளிவிடுவார்கள், கிளையை வளைத்துக் கட்டுவார்கள். மறைவு போனபிறகு காக்கைக்கும் வல்லூறுக்கும் அது தெரியும். வருஷத்துக்கு ஒரு முட்டையில் ஒரு குஞ்சு வளர்க்கிற பறவை, ஒன்றை இழந்தால் அந்த வருஷமே போச்சு. ஆறுமணிக்குருவியைக் கூப்பிட, பதிவு செய்த குரலைப் போனில் போடுகிறார்கள். அது தன் எல்லைக்குள் வேறொன்று வந்துவிட்டதென்று தீனியை விட்டுவிட்டுத் தேடி அலையும். இமயத்தின் அடிவாரத்திலிருந்து வந்து, நம்மூர்த் தோட்டத்தில் புழு கிளறி, திரும்பிப் பறக்க உடம்பில் கொழுப்புச் சேர்க்கிற பறவை அது. குரல் போடாதே. போடுகிறவனோடு போகாதே. இடம் கேட்டால் சொல்லாதே. கஞ்சத்தனம் என்பார்கள், சொல்லட்டும். குளத்துப் பறவையின் இடத்தைத் தாராளமாகச் சொல், எத்தனை பேருக்குத் தெரிகிறதோ அவ்வளவு நல்லது. கூட்டையும் ஆந்தையையும் தவளைவாயனையும் உன்னோடு வைத்துக்கொள்.

மலைக்குப் போக ஆசைப்படுவாய், தெரியும். நம் மாவட்டத்தின் 1,672 சதுர கிலோமீட்டரில் கிட்டத்தட்ட கால்பங்கு கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம். மாவட்ட வன அலுவலரின் எழுத்து அனுமதி இல்லாமல் உள்ளே போகாதே. மேல்கோதையாற்றுக்குச் சாலை மாஞ்சோலை வழியாகத்தான். அது புலிகள் காப்பகம், அங்கே தனி அனுமதி. அச்சன்கோவில் கணவாய்க்குத் தெற்கே, அசம்பு மலையின் உயரத்தில் மட்டும் வாழ்கிற சிரிப்பான் ஒன்று உண்டு. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அது உன்னுடைய மலைப் பறவை. அனுமதி கிடைத்து ஒருநாள் அதைப் பார்ப்பாய். காட்டுக்குள் காணிக்காரர் ஒருவர் வழிகாட்டினால் அன்றைய கூலியை நேரடியாக, முழுதாகக் கொடு. அவர் இசைந்தால் படத்தின் கீழே அவர் பெயரைப் போடு. குரலை வைத்துப் பறவையைச் சொல்வது அவர். நீ பொத்தானை அழுத்தியவன். இதை நம் தொழிலில் அதிகம் பேர் செய்வதில்லை.

பொருளைப் பேணு. ஆனியிலிருந்து கார்த்திகை வரைக்கும் நம்மூர்க் காற்றில் ஈரம் குறைவதே இல்லை. லென்ஸை உறையோடு பீரோவில் பூட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வை, நிறம் மாறினால் வறுத்து மறுபடி போடு. மணக்குடிப் பொழிமுகத்துக்கும் உப்பளத்துக்கும் போய்வந்த அன்றே நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தைத் துடை. படங்களை இரண்டு ஹார்ட்டிஸ்கில், இரண்டு வீட்டில் வை.

கல்யாண வேலையை விடாதே. இதைத் தயங்காமல் சொல்கிறேன். பறவைப் படத்தில் சம்பாதித்துக் குடும்பம் நடத்துகிறவர்கள் நாடு முழுக்கத் தேடினாலும் கொஞ்சம் பேர்தான். அவர்களிலும் பலர் சுற்றுலாக் கூட்டிப்போயும் வகுப்பு எடுத்தும்தான் வாழ்கிறார்கள். ஆவணியிலும் தையிலும் முகூர்த்தம் அதிகம், மற்ற மாதங்கள் உன்னுடையவை. அந்த வருமானம் இருந்தால்தான் ஒரு பறவையை எப்படியாவது எடுத்தாகவேண்டும் என்கிற நெருக்கடி உனக்கு வராது. கூட்டைக் கலைக்கிறவர்களில் பாதிப் பேரைத் துரத்துவது அந்த நெருக்கடிதான். கல்யாண மண்டபத்தில் மங்கல் வெளிச்சத்தில், ஒருமுறைதான் நடக்கும் காரியத்தைத் தவறவிடாமல் எடுத்துப் பழகின கை, கொக்கு மீனைக் கவ்வுகிற நொடியிலும் உதவும்.

உரிமை விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி நீயாக எடுத்த படம் உன்னுடையது. உன் ஆயுள் முழுவதும், அதற்குப் பிறகு அடுத்த வருஷத்திலிருந்து 60 வருஷம். ஆனால் ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொல்லி நீ எடுத்தால், வேறு ஒப்பந்தம் எழுதாத வரைக்கும் உரிமை அவருக்கு. ஒரு ஓட்டல்காரரோ நாட்காட்டி போடுகிறவரோ கூப்பிட்டால், வேலைக்கு முன்னால் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கேட்காமல் உன் படத்தை எடுத்துப் போட்டவர்களுக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுது, மூலக் கோப்பு உன்னிடம் இருப்பதைச் சொல். பள்ளிக்கூடப் பாடத்துக்கோ குளத்தைக் காக்கும் வேலைக்கோ கேட்டால் கூலி வாங்காமல் கொடுத்துவிடு.

இன்னும் ஒன்று. பனையை எடு. இது என்னுடைய ஆசை. பனை உழவாரன் பனையோலையின் அடியில் எச்சிலால் ஒட்டிக் கூடு வைக்கிறது. தூக்கணாங்குருவி அதன் மட்டையில் கூட்டைத் தொங்கவிடுகிறது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் வந்தபோது ரப்பரும் வாழையும் தேக்கும் சாய்ந்தன. நம் கடற்கரை ஊர்களில் கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. அதற்குப் பிறகு வயல்வெளிகளில் நடக்கும்போது நின்ற பனைகளைக் கவனித்திருக்கிறேன். புயலுக்கு நின்ற பனையைச் செங்கல் சூளைக்கு வெட்டுகிறார்கள். எந்த ஊரில், எந்த விளையில், எத்தனை பனை நிற்கிறது, எதில் கூடு இருக்கிறது என்று யாராவது ஒருவர் படத்தோடு எழுதிவைத்தால் போதும். எனக்குக் கழுத்து வலி, அண்ணாந்து பார்த்து எடுக்கமுடியவில்லை. உன்னால் முடியும்.

லென்ஸுக்குக் கடன் வாங்காதே. என்னிடம் இருக்கிற 400-ஐ எடுத்துக்கொண்டு போ. பழையது, கனமானது, ஆனால் கண்ணாடி சுத்தம். கன்னிப்பூவும் கும்பப்பூவும் அதில் எடு. மாசி அறுவடை முடிந்தபிறகும் 600 வேண்டும் என்று தோன்றினால் அப்போது பேசுவோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தால் வீட்டில் இருப்பேன். சாயங்காலம் வந்தால் இருட்டிவிடும், உனக்கு மவுன்ட்டைச் சோதித்துக் காட்டமுடியாது. அணை திறந்து முதல் உழவு நடக்கிற வாரத்தில் எடுத்த படங்களை அனுப்பு. ஒவ்வொன்றின் கீழும் எந்தச் சானல், எந்த ஏலா, என்ன தேதி என்று எழுதியிரு. மீனாட்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினதும் போன் பண்ணு, வண்டியோடு வருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்